ராத்திரி ஆனா வீறிட்டு அழும் பச்சிளங்குழந்தை: பால் பத்தலையா? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பகலெல்லாம் அசந்து தூங்கும் குழந்தை, ராத்திரி 11 மணிக்கு மேல் வீறிட்டு அழும். உடனே வீட்டுப் பெரியவங்க சொல்வது ‘பால் பத்தல’ அல்லது ‘உரம் விழுந்திருக்கு’. பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை.

இரவு, பகல் வித்தியாசம் குழந்தையின் உடலுக்குப் பிடிபட 2, 3 மாதம் ஆகும். அழுகை 2வது வாரத்தில் கூடத் தொடங்கி, 6வது வாரத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகக் குறையும். நல்லா எடை ஏறும் குழந்தைகூட ஒரே நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் அழலாம். இதைத்தான் டாக்டர்கள் ‘கோலிக்’ என்கிறார்கள்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீங்க. பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதும். பயந்துபோய் பவுடர் பால் ஆரம்பித்தால், குழந்தை மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். அப்புறம் நிஜமாகவே பால் பத்தாமல் போகும்.

முதலில் ஈரத்துணி, பசி, ஏப்பம் பாருங்க. புதுச்சேரி புழுக்கத்தில் குல்லா, ஸ்வெட்டர் போட்டுச் சுற்றி வைத்தாலே குழந்தை அழும். கால் விரலில் தலைமுடி சுற்றி இறுக்கியிருக்கிறதா என்றும் பார்க்கணும். பலர் தவறவிடும் இடம் இது. பிறகு விளக்கைக் குறைத்து, சட்டையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்து, மெல்ல நடக்கலாம். அப்பாவும் செய்யலாம். தூங்கியதும் மல்லாக்கப் படுக்க வையுங்க.

ராத்திரியில் பெயரைக்கூட உச்சரிக்காமல் ‘பேர் சொல்லாதது’ என்று பெரியவங்க குறிப்பிடும் வசம்பை உரைத்துக் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள ஆசரோன் நச்சுத்தன்மை கொண்டது. கிரைப் வாட்டர், தேன், மூக்கில் எண்ணெய் விடுவது, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது எதுவும் வேண்டாம். 6 மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை.

எரிச்சலில் குழந்தையைக் குலுக்கவே கூடாது. மூளையில் ரத்தம் கசியும். தாங்க முடியலையா? பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு, 10 நிமிடம் வெளியே போய் வாங்க.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், மூச்சுத் திணறல், உடல் துவண்டுபோவது, இடுப்பு மடிப்பில் வீக்கம் என எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீங்க. கோரிமேடு ஜிப்மர் அவசரப் பிரிவுக்கோ, எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ உடனே போங்க. ஆம்புலன்ஸுக்கு 108.