தொகுப்புரையும் மேன்முறையீடும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

யூரர் சபையின் தீர்ப்புக்குக் காரணம் கூறப்படுவதில்லை. எழுவர் தனியறை சென்று கலந்து பேசி மீள்வர். அவர்தம் தலைவர் 'குற்றவாளி' என்றோ 'குற்றவாளியல்லர்' என்றோ ஒரு சொல் உரைப்பார். அச்சொல்லுக்குப் பின்னால் நிகழ்ந்த சிந்தனை எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. ஆகவே, அத்தீர்ப்புப் பிழையென்று மேன்முறையீடு செய்பவன் யூரரைக் கேள்வி கேட்க முடியாது. அவர்களுக்கு நீதியரசர் என்ன சொன்னார் என்பதையே கேள்விக்குட்படுத்த முடியும். நீதியரசர் விசாரணையின் முடிவிலே சாட்சியத்தைத் தொகுத்துச் சட்டத்தை விளக்கி ஆற்றும் உரையே தொகுப்புரை எனப்படும். அதனை எதிர்த்து இலங்கையில் எழுந்த மேன்முறையீடுகளின் வரலாற்றையும், தமிழ் பேசும் கிழக்குக் கரைக்கு அவ்வரலாறு எத்தகைய பொருளுடையது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தொடரும் முஸ்லிம் ஊர்கள், 1961 ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளாகவே விளங்கின. நெற்செய்கையும் மீன்பிடியும் நெசவும் இம்மக்களின் வாழ்வாதாரங்கள். தாய்வழி வரும் குடிமுறை இங்கு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலவி வந்துள்ளது. பள்ளிவாசலிலே குடிகளின் சார்பில் அமர்ந்த மரைக்காயர்கள் ஊர்ப் பிணக்குகளைத் தீர்த்துவைத்தனர். அவர்கள் இரு பக்கத்தாரையும் அறிந்தவர்கள். தம் முடிவுக்கான காரணத்தை ஊரார் முன்னிலையிலேயே சொல்ல வேண்டியவர்கள். ஆயின், பிணக்குக் கொலையில் முடிந்துவிட்டால் அது ஊரின் கையைவிட்டு அகன்றுவிடும். நீதவானின் பூர்வாங்க விசாரணைக்குப் பின்னர், உயர் நீதிமன்றத்தின் குற்றவியல் அமர்வு மட்டக்களப்பில் கூடும்போது எதிரி யூரர் முன் நிறுத்தப்படுவான். காரணம் கூறாத நீதியை இக்கரையின் மக்கள் அங்கேதான் எதிர்கொண்டனர்.

இலங்கையில் யூரர் முறை பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் 1811 அளவில் நடைமுறைக்கு வந்தது. எதிரியின் சொந்தச் சமூகத்தாரே அவனை விசாரிக்கும் யூரராக அமர்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. தொடக்கத்தில் 13 ஆக இருந்த யூரரின் தொகை பின்னர் 7 ஆயிற்று; ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையும் தீர்ப்புக்குப் போதுமெனக் கொள்ளப்பட்டது. சமூகப் பிரிவின் இடத்தை மொழிப் பிரிவு பெற்றது. ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்னும் மூன்று மொழிகளுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் வகுக்கப்பட்டன. தன்னை எம்மொழி யூரர் விசாரிக்க வேண்டும் என்று தெரிந்தெடுக்கும் உரிமை எதிரிக்கு இருந்தது.

நெடுங்காலமாக இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. யூரரின் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையிட நாட்டினுள்ளே மன்றம் இருக்கவில்லை. இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்தின் சிறப்பு அனுமதியைப் பெறுவதொன்றே வழி. பொருள் வசதி படைத்தோர்க்கன்றி, வயற்கூலிக்கோ கரைவலை இழுப்பவனுக்கோ அவ்வழி திறந்திருந்ததெனல் பொருந்தாது. அவ்வாறு இலண்டன் சென்ற வழக்குகளில் இரண்டு 1936 இல் முடிவடைந்தன.

முதலாவது அத்திகல்ல வழக்கு. ஒருவனுடைய தனிப்பட்ட அறிவுக்குள் இருக்கும் விடயத்தை நிரூபிக்கும் பாரம் அவனையே சாரும் என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு. இதனைக்கொண்டு, குற்றம் நிகழவில்லையென எதிரியே காட்ட வேண்டும் என்ற கருத்துப்பட யூரர் நெறிப்படுத்தப்பட்டிருந்தனர். அது இலங்கையின் சட்டமன்று எனக் கோமறைக் கழகம் அறுதியிட்டுரைத்தது. எனினும் அநீதி விளையவில்லையெனக் கருதி மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இரண்டாவது, 'டப் ஹவுஸ்' வழக்கெனப் பெயர்பெற்ற ஸ்டீபன் செனவிரத்தினவின் வழக்கு. மனைவியைக் கொன்றாரென 1934 இல் குற்றவாளியாகக் காணப்பட்ட அவர், ஏற்கத்தகாத சாட்சியம் பெருமளவில் யூரர் முன் வைக்கப்பட்டமை முதலிய காரணங்களால் விடுவிக்கப்பட்டார். ஈராண்டுக்கு மேலாகச் சிறையிலிருந்த ஒருவரின் குற்றத்தீர்ப்பை நீக்க ஏழு கடல் கடக்க வேண்டியிருந்தமை சட்ட உலகைச் சிந்திக்கச் செய்தது. 1938 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நிறுவியது. இங்கிலாந்து அத்தகைய மன்றத்தை 1907 இலேயே பெற்றுவிட்டது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

புதிய மன்றத்தின் முன் எழுந்த வாதங்களிற் பெரும்பாலானவை தொகுப்புரையைப் பற்றியனவேயாம். 1950 இல் தீர்க்கப்பட்ட ஆசீர்வாதன் நாடார் வழக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இறந்தவர் இறக்குமுன் உரைத்த மரண வாக்குமூலம் அவ்வழக்கிற் சாட்சியமாயிற்று. அவ்வாறு உரைத்தவர் சத்தியம் செய்து சாட்சிக் கூண்டில் நின்றவரல்லர். குறுக்கு விசாரணைக்கு உட்பட்டவருமல்லர். ஆதலின் அவர் கூற்றை மிகுந்த அவதானத்துடன் ஆராய வேண்டும் என நீதியரசர் யூரரை எச்சரிக்கத் தவறியமை பிழையான நெறிப்படுத்துகை என மன்றம் கண்டது. சாகும் மனிதன் பொய் சொல்லான் என்பது நம் மக்களிடையே ஆழப் பதிந்த நம்பிக்கை. அந்நம்பிக்கை வலுப்பெற்ற ஊர்களிலேதான் இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டப்படுவது. 1963 இல் சுமணசேன வழக்கில், ஐயத்துக்கிடமான நிகழ்ச்சிகள் எத்தனை திரண்டாலும் அவை குற்றத்தை நிறுவா என்ற விதியும் வலியுறுத்தப்பட்டது.

கிழக்குக் கரைக்கு மிகவும் நெருங்கிய பிரச்சினை பிறிதொன்று. வயல் வரம்பு பற்றியோ வாய்க்கால் நீர் பற்றியோ இருவர் வாய்த்தர்க்கப்படுகின்றனர் எனக் கொள்வோம். மண்வெட்டியோ கத்தியோ ஓங்கப்படுகிறது, ஒருவர் மாள்கிறார். மற்றவர், 'என்னைக் காத்துக்கொள்ளவே வெட்டினேன்' என்கிறார். தற்காப்பும், திடீர்ச் சண்டையும், கடும் ஆத்திரமூட்டலும் தண்டனைச் சட்டக்கோவையில் விதிவிலக்குகளாக இடம்பெற்றுள்ளன. தற்காப்பு முற்றாக விடுவிக்கும். ஏனையவை கொலைக்குற்றத்தைக் குறைக்கும். ஆனால் விதிவிலக்கை நிரூபிக்கும் பாரம் எதிரியைச் சாரும் எனச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு கூறுகின்றது. அப்பாரம் எத்தகையது? எதிரி அதனை நிரூபித்தே ஆகவேண்டுமா? அல்லது யூரர் மனத்தில் நியாயமான சந்தேகத்தை எழுப்பினாற் போதுமா?

இங்கிலாந்தில் 1935 இல் வூல்மிங்டன் வழக்கு இரண்டாவது விடையின் பக்கம் நின்றது. 1941 இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பர்பூ வழக்கில் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தது. ஆயின் 1942 இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் நம் நாட்டு மன்றம் அவ்வழியைப் பின்பற்ற மறுத்தது. உண்மையாயிருத்தல் கூடுதலாக இயல்பென்ற அளவிற்கேனும் எதிரி விதிவிலக்கை நிரூபித்தல் வேண்டும் என அது தீர்த்தது. 1969 இல் ஜயசேன வழக்கில் யூரருக்கு இவ்வாறு கூறப்பட்டமை பிழையென வாதிக்கப்பட்டபோது, டெவ்லின் பிரபு வழங்கிய தீர்ப்பில் கோமறைக் கழகமும் சந்திரசேகர வழக்கின் முடிவையே உறுதிசெய்தது. ஆங்கில நாட்டு விதியன்று, இங்கு எழுதப்பட்ட சட்டத்தின் சொற்களே ஆளும் என்பது அதன் அடிப்படை.

இதன் பயன் யாது? ஒரே தொகுப்புரையில் யூரர் இரு அளவுகோல்களைக் கையாள வேண்டியவராயினர். வழக்குத் தொடுநர் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். எதிரி தன் விதிவிலக்கை அதனிலும் குறைந்த அளவில் நிரூபித்தாற் போதும். இவ்விரண்டையும் மயங்காது விளக்குதல் கற்றறிந்த நீதியரசர்க்கே எளிதன்று.

இவ்விடத்திலேதான் மொழி குறுக்கிடுகின்றது. ஆங்கிலமே நீதிமன்ற மொழியாயிருந்த காலத்தில் தமிழ் யூரர் முன் நிகழ்ந்த விசாரணைகளில் சாட்சி தமிழிற் பேசினார்; பதிவேடு ஆங்கிலத்தில் அமைந்தது. ஆங்கிலத்தில் அமைந்த சட்ட விளக்கம் மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே யூரரை அடைந்தது. மேன்முறையீட்டு மன்றத்தின் மேசைக்குச் சென்றதோ ஆங்கிலத் தட்டெழுத்துப் படி. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாற் குறிக்கப்படும் இரு கருத்துகளைத் தமிழ்ச் சொல்லாகிய 'சந்தேகம்' ஒருங்கே சுமக்கின்றது. 'சந்தேக நபர்', 'சந்தேகத்தின் பேரிற் கைது' என்னுமிடங்களில் அது எதிரியைக் குற்றத்தை நோக்கி இழுக்கின்றது. 'சந்தேகத்தின் பயனை எதிரிக்கு அளித்தல்' என்னுமிடத்தில் அதுவே அவனைக் காக்கின்றது. 'நிரூபித்தல்' என்ற சொல்லும் அவ்வாறே இரு அளவுகளுக்கும் பொதுவாய் நிற்கின்றது. இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு உணர்த்தினார் என்பதை ஆங்கிலப் படி காட்டாது. நீதியரசர் சொன்னதை மேன்முறையீட்டு மன்றம் சொல் சொல்லாக ஆராய்ந்தது. யூரர் கேட்டதை அது ஆராய வழியில்லை. தமிழ் பேசும் எதிரியின் உயிர் அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலே தங்கியிருந்தது எனல் மிகையாகாது.

அநீதி விளையாதவிடத்துப் பிழை இருந்தும் மேன்முறையீட்டைத் தள்ளலாம் என்ற காப்பு வாசகம் 1938 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. வெறும் சொற்குற்றத்துக்காகக் குற்றவாளி தப்பிவிடலாகாது என்ற நியாயம் அதற்குண்டு. எனினும், சரியான சட்டத்தைக் கேட்டிருந்தால் அவ்வெழுவர் என்ன முடிவு செய்திருப்பர் என்பதை, அவர்களைக் காணாத நீதியரசர்களே ஊகிக்க வேண்டியதாயிற்று. அயல் நாடாகிய இந்தியாவில் நானாவதி வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 1959 இல் பம்பாயில் யூரர் எண்மருக்கு ஒருவர் என்ற வகையில் எதிரியைக் குற்றவாளியல்லர் என்றனர். தொகுப்புரையிற் பிழைகள் இருந்தனவெனக் கண்ட உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கிக் கொலைக்குற்றத் தீர்ப்பளித்தது. 1961 இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அதன் பின்னர் இந்தியாவில் யூரர் முறையே மறைந்துபோயிற்று.

இலங்கையில் 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு முடிவுற்றது. 1973 ஆம் ஆண்டு நீதி நிருவாகச் சட்டத்தோடு பழைய குற்றவியல் அமர்வுகள் மறைந்து மேல் நீதிமன்றங்கள் தோன்றின. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும், 1988 இல் நிறைவேறிய 16 ஆவது திருத்தமும் வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தன. இன்று கல்முனையிலேயே மேல் நீதிமன்றம் உண்டு. யூரர் விசாரணை அருகிவிட்டது. பெரும்பாலும் தனி நீதிபதியே விசாரித்துக் காரணங்களை எழுதித் தீர்ப்பளிக்கிறார். ஆயினும் இம்முறை முற்றாக ஒழிந்துவிடவில்லை. 1992 இல் மட்டக்களப்பு மாவட்டத்து மயிலந்தனையில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கு, கொழும்பிலே சிங்கள மொழி யூரர் முன் விசாரிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் 2002 இல் விடுதலையாயினர். கொல்லப்பட்டோரின் உறவினர்க்கும் கிடைத்தது காரணமற்ற அந்த ஒரு சொல்லே.

மரைக்காயரின் மன்றும் யூரர் சபையும் ஒரே நோக்குடையன: மனிதனை அவனைப் போன்ற மனிதரே தீர்க்க வேண்டும் என்பது. அந்நோக்கு உயர்ந்தது. ஆயின் தீர்ப்பவர்க்குச் சட்டம் தெளிவாகச் சொல்லப்படல் வேண்டும். சொல்லப்பட்டது அவர்கள் கேட்ட மொழியிலேயே பதிவாதல் வேண்டும். பிழையிருப்பின் அதனை மேலும் ஒரு மன்றம் ஆராய்தல் வேண்டும். இம்மூன்றும் அமையாதவிடத்து மேன்முறையீடு என்பது பெயரளவில் உள்ள உரிமையே. இன்று நீதிமன்றத்திற் புழங்கும் சட்டத் தமிழில் 'சந்தேகம்' என்ற ஒரு சொல்லின் இரு பொருள்களையும் பிரித்துணர்த்தும் வழக்கை நிலைநாட்டுதல் மொழி அறிஞர்க்கும் சட்ட அறிஞர்க்கும் பொதுவான கடமையாகும். ஓர் உழவனின் உயிரோ விடுதலையோ அச்சொல்லைச் சார்ந்து நிற்கக்கூடும் என்பதை மேற்காட்டிய வழக்குகள் நமக்கு உணர்த்துகின்றன.