லிமக்ஸ்: மியூனிக் மாநகராட்சியின் இயங்குதள மாற்றம்

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி தன் அலுவலகக் கணினிகளிலிருந்து விண்டோஸை நீக்கி, லினக்ஸை ஏற்றிய திட்டத்தின் பெயர் லிமக்ஸ். அதற்காக அங்கேயே தொகுத்து உருவாக்கிய இயங்குதளத்தையும் அதே பெயரால்தான் அழைத்தார்கள். லினக்ஸோடு ஊரின் பெயரையும் சேர்த்துக் கட்டிய சொல் இது. 2003இல் மாநகர மன்றம் கொள்கை அளவில் முடிவெடுத்தது. 2006இல் முதல் கணினிகள் மாறின. 2013இல் ஏறத்தாழ 15,000 கணினிகளுடன் திட்டம் நிறைவுபெற்றது. ஒரு கணினியில் இயங்குதளத்தை ஏற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்படியிருக்க, பத்து ஆண்டுகள் எதற்குச் செலவாயின என்பதே இந்தத் திட்டத்தில் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. மாநகராட்சியின் மேசைகளில் அப்போது இருந்தது விண்டோஸ் என்டி 4. அதற்கான ஆதரவை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும், அடுத்து எதற்கு மாறுவது என்ற கேள்வி வந்தது. எதற்கு மாறினாலும் உழைப்பும் செலவும் உண்டு. அப்படியானால் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்தும் சேர்த்தே விடுபடலாமே என்ற வாதம் மன்றத்தில் வலுத்தது. அப்போதைய மேயர் கிறிஸ்டியன் உடேவைச் சந்தித்துப் பேச மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரே 2003இல் மியூனிக் வந்தார். ஆனாலும் அந்த ஆண்டு மே மாதம் மன்றம் லினக்ஸ் பக்கமே வாக்களித்தது. 2004இல் விரிவான திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மென்பொருள் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற அச்சத்தில் அதே ஆண்டு வேலை சில வாரங்கள் நின்று, பிறகு தொடர்ந்தது.

அடித்தளமாக டெபியன் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பிற்காலப் பதிப்புகள் உபுண்டுவின் மேல் அமைந்தன. முகப்புக்குக் கேடிஇ, அலுவலக வேலைக்கு ஓப்பன் ஆஃபிஸ், பின்னர் லிப்ரே ஆஃபிஸ்.

ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே இயங்குதளத்தை ஏற்றப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒரு கணினியைச் சரியாக அமைத்து, அதன் வன்தட்டை அப்படியே படியெடுத்து மற்றவற்றில் பதிப்பது முதல் வழி. முப்பது கணினிகளும் ஒரே மாதிரி இருக்கும் பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு இது போதும். துறைக்கொரு வகைக் கணினி, அறைக்கொரு அச்சுப்பொறி என்று இருக்கும் மாநகராட்சிக்கு இது ஒத்துவராது. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தனிப் படி வைக்க வேண்டும். அவை ஒவ்வொன்றும் சில மாதங்களில் பழையதாகிவிடும். எதை எவ்வளவு எங்கே நிறுவ வேண்டும் என்று விதிகளை எழுதி வைத்து, ஒவ்வொரு கணினியையும் அந்த விதிகளின்படி புதிதாகக் கட்டியெழுப்புவது இரண்டாம் வழி. மியூனிக் இதையே எடுத்துக்கொண்டது. கையாண்ட கருவி எஃப்ஏஐ. கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999 முதல் வளர்த்துவரும் தானியங்கி நிறுவல் மென்பொருள் அது.

எஃப்ஏஐ வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கணினியை இயக்கியதும் அது வன்தட்டைத் தேடாமல் வலையமைப்பில் குரல் கொடுக்கிறது. வழங்கி அதற்கு ஒரு முகவரி தருகிறது. பின்னாலேயே ஒரு லினக்ஸ் கருவையும் அனுப்புகிறது. கரு எழுந்ததும் வழங்கியிலுள்ள ஒரு கோப்பமைப்பையே தன்னுடையதுபோல எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. இதுவரை வன்தட்டில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. அடுத்து, இந்தக் கணினி எந்தெந்த வகுப்புகளைச் சேர்ந்தது என்று பட்டியலிடுகிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான வகுப்பு முதலில், துறைக்கான வகுப்பு நடுவில், அந்த ஒரு கணினிக்கே உரிய வகுப்பு கடைசிப் பக்கம். விதிகள் மோதிக்கொண்டால், வரிசையில் பின்னால் வருவதே செல்லும். இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வன்தட்டு பிரிக்கப்படுகிறது, அடிப்படைத் தொகுப்பு விரிக்கப்படுகிறது, பொதிகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன, இறுதியில் சிறுநிரல்கள் ஓடி அச்சுப்பொறி முதல் மொழி வரை அமைத்துவிடுகின்றன. நடந்தது அத்தனையும் பதிவாகி வழங்கிக்குப் போன பிறகு கணினி மறுபடி தொடங்குகிறது. யாரும் அருகில் நின்று விசையை அழுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே ஓடும் கணினியை அழிக்காமல் அதே விதிகளைக்கொண்டு புதுப்பிக்கவும் முடியும். எந்தக் கணினி எந்த வகுப்பு என்ற விவரத்தை கோசா என்ற மேலாண்மைக் கருவியில் வைத்திருந்தார்கள்.

இந்தக் கருவியின் உயிர் அந்த வகுப்புப் பட்டியல்தான். மியூனிக்கில் வேலை இழுத்துக்கொண்டே போனதும் அங்கேதான். மாநகராட்சிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கணினிப் பிரிவுகள் தனித்தனியே இயங்கிவந்தன. பயனர் கணக்கு, பாதுகாப்பு விதி, கோப்புகளை வைக்கும் இடம் எல்லாம் பிரிவுக்குப் பிரிவு வேறாக இருந்தன. பொதுவானது எது, துறைக்கு உரியது எது என்று பிரித்தால்தானே வகுப்பு எழுத முடியும்? விண்டோஸிலேயே நீடித்திருந்தாலும் இந்த ஒழுங்கை ஒருநாள் கொண்டுவந்தே ஆகவேண்டும். லிமக்ஸ் அந்த வேலையை முன்னுக்குத் தள்ளியது. அதில் ஏற்பட்ட தாமதத்தை லினக்ஸின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இரண்டாவது சுமை ஆவணங்கள். கடிதத் தலைப்பு, விண்ணப்பம், சான்றிதழ் என ஆயிரக்கணக்கான வார்ப்புருக்களும் மேக்ரோக்களும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸை நம்பி எழுதப்பட்டிருந்தன. ஒரே கடிதத்துக்குத் துறைக்கொரு வடிவம் இருந்தது. அவற்றைத் திரட்டி, மிகையானதைக் கழித்து, மீதியைப் புதிதாக எழுதினார்கள். இதற்காக மாநகராட்சி நிரலாளர்கள் வொல்முக்ஸ் என்ற ஓப்பன் ஆஃபிஸ் நீட்சியை உருவாக்கினார்கள். முட்டையிட்டு, கம்பளியும் பாலும் தரும் பன்றி என்று, எல்லா வேலைக்கும் ஆகும் ஒன்றைக் குறிக்க ஜெர்மானியர் சொல்லும் சொலவடையிலிருந்து வந்த பெயர் அது. கடிதம் எழுதுபவரின் பெயர், துறை, தொலைபேசி எண் ஆகியவற்றை அதுவே தலைப்பில் நிரப்பிவிடும். 2008இல் அதைக் கட்டற்ற மென்பொருளாக எல்லோருக்கும் வெளியிட்டார்கள்.

ஊழியர்களைப் பழக்குவதிலும் அவசரப்படவில்லை. முதலில் விண்டோஸிலேயே ஓப்பன் ஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு ஆகியவற்றைக் கொடுத்தார்கள். கை பழகிய பிறகு அடியிலிருந்த இயங்குதளத்தை மாற்றினார்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் துறைசார் மென்பொருள்களை மெய்நிகர் கணினியிலோ தொலை வழங்கியிலோ வைன் என்ற இணக்க மென்பொருள் மூலமாகவோ ஓட்டினார்கள். எதற்கும் அடங்காதவற்றுக்காக ஒரு பகுதிக் கணினிகள் விண்டோஸிலேயே விடப்பட்டன.

2010 நடுவில் மாறியிருந்தவை சுமார் 3,000 கணினிகள்தான். அடித்தள வேலை முடிந்த பிறகு வேகம் பிடித்து, 2011 முடிவில் அந்த எண்ணிக்கை சுமார் 9,000 ஆனது. 2012இல், விண்டோஸில் தொடர்ந்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டு, 1 கோடி யூரோவுக்கும் மேல் மிச்சம் என்று மாநகராட்சி கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கை மைக்ரோசாஃப்ட் தரப்பு மறுத்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடியும் தறுவாயில், பழைய கணினி வைத்திருக்கும் நகரவாசிகளுக்காகப் பொது நூலகங்களில் லினக்ஸ் குறுவட்டுகளும் இலவசமாகக் கிடைத்தன. தன் அலுவலகத்தோடு நில்லாமல் ஊராரின் வீடுவரை யோசித்த அந்தச் செயல் மனதைத் தொடுகிறது.

2014இல் டீட்டர் ரைட்டர் மேயரானதும் காற்று மாறியது. 2016இல் ஆலோசனை நிறுவனம் ஒன்று தயாரித்த அறிக்கை பழைய பதிப்புகளையும் சிதறிக்கிடக்கும் நிர்வாக அமைப்பையும் குறையாகச் சுட்டியது. பெரிய குறை நிர்வாக அமைப்பில்தான் என்று அதே அறிக்கை சொன்னபோதும், மன்றம் 2017 நவம்பரில் விண்டோஸ் 10க்குத் திரும்ப வாக்களித்தது. அதற்கு ஏறத்தாழ 5 கோடி யூரோ ஆகும் என மதிப்பிடப்பட்டது. 2020 மே மாதம் பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து மாநகராட்சிப் பொறுப்பேற்றபோது, இயன்ற இடமெல்லாம் கட்டற்ற மென்பொருளையும் திறந்த தரநிலைகளையும் பயன்படுத்துவது என்று தங்கள் உடன்பாட்டில் எழுதிக்கொண்டன.