மேரியனில் விளக்கணைந்த இரவு

அமெரிக்காவின் அலபாமா மாநிலம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது செல்மா நகரத்துப் பாலந்தான். 1965 மார்ச் 7ஆம் திகதி, வாக்குரிமை கேட்டு நடந்து வந்த சுமார் 600 பேரை மாநிலப் பொலிஸார் அந்தப் பாலத்தின் மறுமுனையில் பொல்லுகளாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். தொலைக்காட்சிக் கமராக்கள் அதைப் பதிவு செய்தன. அன்றிரவே நாடு முழுவதும் அந்தக் காட்சி ஓடியது. ஐந்து மாதங்களில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அந்தப் பாலத்தைவிட, அதற்கு முன்னே நடந்த இரண்டு சம்பவங்களே பெரிதாகத் தெரிகின்றன.

முதலாவது, ஆசிரியர்களுடையது. நானும் ஓர் ஆசிரியன் என்பதால் அதன் மீது எனக்குச் சற்றுப் பட்சபாதம் உண்டு.

செல்மா நகரம் டலஸ் மாவட்டத்தில் இருக்கிறது. (டெக்ஸாஸில் உள்ள டலஸ் நகரம் வேறு.) அன்று அம்மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரளவிலேயே வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தார்கள். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாட்கள்தான் திறக்கும். திறந்தாலும் எழுத்தறிவுச் சோதனை என்றொரு தடை. வெள்ளையர் பலருக்கு வெறும் சடங்கான அந்தச் சோதனையில், கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியர்கள் ‘தோற்றார்கள்’. ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவனையே எழுத்தறிவில்லாதவன் என்று எழுதி அனுப்பிய நிர்வாகம் அது.

அந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெள்ளையர்கள் நடத்திய கல்விச் சபை. அதனால் மற்றவர்கள் வீதிக்கு வந்தபோது அவர்கள் ஒதுங்கியே இருந்தார்கள். ஓர் இடமாற்றக் கடிதத்தின் சாடை தெரிந்தாலே நித்திரையைத் தொலைக்கும் நமக்கு அவர்களுடைய பயம் விளங்காமல் போகாது. ஆனால் விஞ்ஞான ஆசிரியரும் மதபோதகருமான பிரெடெரிக் ரீஸ் வீடு வீடாக, ஆள் ஆளாகப் பேசி, 1965 ஜனவரி 22ஆம் திகதி பாடசாலை விட்ட பின்னர் 105 ஆசிரியர்களை நீதிமன்றக் கட்டடத்துக்கு அணிவகுத்து அழைத்துச் சென்றார். சிறை செல்ல ஆயத்தம் என்பதைக் காட்டப் பலர் பல் துலக்கும் பிரஷைக் கையில் பிடித்திருந்தார்கள். ஷெரிஃப் ஜிம் கிளார்க்கும் அவருடைய ஆட்களும் பொல்லால் குத்திப் படிகளிலிருந்து அவர்களைத் தள்ளினார்கள். ஆசிரியர்கள் மறுபடியும் ஏறினார்கள். ஏறி இறங்கி, கைதாகாமலேயே, கூட்டம் நடக்கும் தேவாலயத்துக்குத் திரும்பினார்கள். அங்கே அவர்களுடைய மாணவர்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். தன் ஆசிரியர் பணிந்து போவதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த மாலை எப்படி இருந்திருக்கும்! அதன் பின்னர் ஊரின் மற்றத் தொழில்செய்வோரும் தத்தம் குழுக்களாக வரத் தொடங்கினார்கள்.

இரண்டாவது சம்பவம் மேரியன் என்ற சிற்றூரில் நடந்தது. செல்மாவிலிருந்து 45 கிலோமீற்றர் அளவு தூரம். பெப்ரவரி 18ஆம் திகதி இரவு, சிறையிலிருந்த ஓர் இளம் செயற்பாட்டாளருக்காகப் பாடுவதற்கென்று மக்கள் தேவாலயத்திலிருந்து புறப்பட்டார்கள். சிறைச்சாலை அருகிலேயே இருந்தது. சில அடி தூரம் நடப்பதற்குள் வீதி விளக்குகள் அணைந்தன. இருட்டில் பொல்லுகள் இறங்கின. செய்தியாளர்களையும் விடவில்லை. கமராக்கள் நொறுக்கப்பட்டன. என்பிசி தொலைக்காட்சி நிருபர் ஒருவர் தலையில் அடிபட்டு விழுந்தார். அடி தாங்காமல் ஒரு சிற்றுண்டிச் சாலைக்குள் ஓடியவர்களில் ஜிம்மி லீ ஜக்சன் என்ற 26 வயது இளைஞரும், அவருடைய தாயாரும், 82 வயதுப் பாட்டனாரும் இருந்தார்கள். பொலிஸார் அங்கும் புகுந்தார்கள். தாயைக் காக்கப் போன மகனின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. எட்டாம் நாள் அவர் இறந்தார். பலமுறை முயன்றும் வாக்காளராகப் பதிவு கிடைக்காத மனிதர்.

அவருடைய பிரேதத்தையே மாநிலத் தலைநகரான மொண்ட்கொமரிக்குச் சுமந்து சென்று ஆளுநர் ஜோர்ஜ் வாலஸின் வாசலில் வைப்போம் என்ற பேச்சு மேரியனில் எழுந்தது. செல்மாப் பாலத்து ஊர்வலம் பிறந்தது அந்தப் பேச்சிலிருந்துதான். ஆயினும் உலகம் பாலத்தை நினைவில் வைத்திருக்கிறது, மேரியனை மறந்துவிட்டது. பாலத்தில் பகல் வெளிச்சமும் கமராவும் இருந்தன; மேரியனில் இரண்டும் இருக்கவில்லை.

இருட்டின் பயனை அனுபவித்தது கொலையாளிதான். 1965இல் கூடிய விசாரணை ஜூரிகள் குற்றஞ்சாட்ட மறுத்தார்கள். சுட்டவர் ஜேம்ஸ் பொனார்ட் ஃபௌலர் என்ற மாநிலப் பொலிஸ்காரர். 2005இல் அவரே ஒரு பத்திரிகைப் பேட்டியில் தான் சுட்டதை ஒப்புக்கொண்டு, தற்காப்புக்காக என்று சொன்னார். 2007இல் வழக்குப் பதிவானது. 2010இல், சம்பவம் நடந்து 45 வருடங்களின் பின், சிறிய தரத்துக் கொலைக் குற்றத்தை ஏற்றார். தண்டனை ஆறு மாதம். இருந்தது ஐந்து மாதம்.

2020 மே 25ஆம் திகதி மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொல்லப்பட்டபோது, பொலிஸாரின் முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவச் சம்பவம் என்றே கூறியது. பதினேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் கைத்தொலைபேசி அந்த அறிக்கையைப் பொய்யாக்கியது. மேரியனில் உடைக்கப்பட்ட கமரா இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருந்தது. அலபாமாவிலும் நகரம் நகரமாக மக்கள் கூடினார்கள். அவர்களுக்கு மினியாபொலிஸ் மட்டுமே காரணமாக இருக்கவில்லை. 2018 நவம்பரில் ஹூவர் நகரத்துக் கடைத்தொகுதியில் 21 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவரைப் பொலிஸ்காரர் சுட்டுக் கொன்றிருந்தார். அங்கு முன்னதாக வெடிவைத்தவர் அவரே என்று பொலிஸ் முதலில் அறிவித்தது. பின்னர் அது தவறென்றது. சுட்டவர் மீது வழக்கு வரவில்லை. ஹன்ட்ஸ்வில் நகரிலோ, ஜூன் 3ஆம் திகதி அனுமதி பெற்ற கூட்டம் முடிந்த பின் கலையாதிருந்தவர்கள் மீது கண்ணீர்ப்புகையும் றப்பர் குண்டும் பாய்ந்தன. பேர்மிங்ஹாமில் நகர மேயர் ரண்டல் வூட்ஃபின், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையினரின் நினைவுத் தூணை அகற்றினார். நினைவுச் சின்னங்களைத் தொடக்கூடாது என்று மாநிலம் 2017இல் சட்டமியற்றி வைத்திருந்தது. அபராதம் 25,000 டொலர். கட்டுவோம், ஆனால் தூண் போகும் என்பதே அவர் கணக்கு.

அதே வருடம் ஜூலை 26ஆம் திகதி, 1965இல் அந்தப் பாலத்தில் மண்டை உடைபட்ட ஜோன் லூயிஸின் பேழை குதிரை வண்டியில் அதே பாலத்தைக் கடந்தது. மாநிலப் பொலிஸார் சல்யூட் அடித்து நின்றார்கள். அதைப் பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். நானும் காணொளியில் பார்த்தேன். ஆனால் மேரியனுக்கு அப்படியொரு சல்யூட் எங்கே என்ற எண்ணமே எனக்கு வந்தது.

மொண்ட்கொமரியில் நடந்ததை ஓர் ஆசிரியனாக நான் விட்டுவிட முடியாது. அங்கே அடிமை முறைப் படைத் தளபதி ரொபர்ட் ஈ. லீயின் பெயரில் ஓர் உயர்தரப் பாடசாலை இருந்தது. 1955இல் வெள்ளைப் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. காலப்போக்கில் அதன் மாணவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினப் பிள்ளைகளாகிவிட்டார்கள். தங்கள் பாட்டன்மாரை அடிமைகளாக வைத்திருக்கப் போரிட்டவரின் சிலையைக் கடந்துதான் அவர்கள் தினமும் வகுப்புக்குப் போனார்கள். 2020 ஜூன் 1ஆம் திகதி அந்தச் சிலை பீடத்திலிருந்து கீழே தள்ளப்பட்டது. பெயரை மாற்றுவதென்று கல்விச் சபையும் தீர்மானித்தது. பின்னர் பாடசாலைக்கு வைக்கப்பட்ட பெயர் பேர்சி ஜூலியன். 1899இல் அதே நகரில் பிறந்த இரசாயன விஞ்ஞானி. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அங்கே அரசாங்கப் பாடசாலை கிடையாது. ஆகவே அவர் மேற்கொண்டு படித்தது, நம் ஊர் ஆசிரிய கலாசாலையைப் போன்ற, கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றும் ஒரு நிறுவனத்தில்.