கிளைவ் மாளிகை: காகிதத்திலேயே நின்ற கனவுகள்

1744-ல் சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்த ராபர்ட் கிளைவுக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த சம்பளம் ஆண்டுக்கு 5 பவுன். சாதாரணக் குமாஸ்தா வேலை. ஆற்காடு, பிளாசி வெற்றிகள், வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமை என்று படிப்படியாக ஏறிய அதே கிளைவ், 25 ஆண்டுகள் கழித்து லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரேயில் உள்ள கிளேர்மான்ட் எஸ்டேட்டை 25,000 பவுன் கொடுத்து வாங்கினார்.

அங்கே ஏற்கெனவே ஒரு மாளிகை இருந்தது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜான் வான்ப்ரூ தனக்காகக் கட்டத் தொடங்கி, பிறகு நியூகாசில் பிரபுவின் கைக்குப் போன வீடு அது. தாழ்வான, ஈரம் தங்கும் இடம் என்று அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார் கிளைவ்.

வேலை தனக்கே வரும் என்று வில்லியம் சேம்பர்ஸ் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. இளமையில் ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வங்காளமும் சீனாவும் பார்த்தவர். கியூ தோட்டத்துச் சீனக் கோபுரம் அவர் கட்டியது. கிளைவின் வேறு வீடுகளிலும் அவர்தான் வேலை பார்த்திருந்தார். கிளேர்மான்டுக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஆனால் கிளைவ் தேர்ந்தெடுத்தது தோட்டக்கலையில் பெயர்பெற்ற ‘கேப்பபிலிட்டி’ பிரவுனை. ஹென்றி ஹாலண்டுடன் சேர்ந்து பிரவுன் மேட்டு நிலத்தில் மாளிகையை எழுப்பினார். சேம்பர்ஸின் திட்டம் காகிதத்தோடு நின்றது.

அவர் அதை மறக்கவில்லை. 1772-ல் கீழைநாட்டுத் தோட்டக்கலை பற்றி எழுதிய நூலில், காய்கறித் தோட்டத்திலிருந்து கிளம்பிவந்து மேதையாகிவிட்டவர்கள் என்று பெயர் சொல்லாமல் சாடினார். யாரைச் சொல்கிறார் என்று படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

முழுமை பெறாத திட்டம் இன்னொன்றும் உண்டு. புது மாளிகையின் உணவுக்கூடத்துக்குத் தன் இந்திய வெற்றிகளைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டித் தரும்படி பெஞ்சமின் வெஸ்டிடம் சொல்லியிருந்தார் கிளைவ். அவற்றில் ஒன்று, முகலாயப் பேரரசர் ஷா ஆலம் திவானி உரிமையை வழங்கும் காட்சி. ஓவியத்தில் உயர்ந்த சிம்மாசனம், விதானம், யானைகள். 1765 ஆகஸ்டில் அலகாபாத்தில் உண்மையில் நடந்ததோ கிளைவின் கூடாரத்தில். அவருடைய சாப்பாட்டு மேஜைமேல் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்து, துணி போர்த்தி, அதையே சிம்மாசனமாக்கினார்கள். இந்தியாவையே பார்த்திராத வெஸ்ட் அந்த மேஜையை அரச சபையாக மாற்றிவிட்டார். ஓவிய வரிசை முடிவதற்குள், 1774 நவம்பரில், 49 வயதில் கிளைவ் இறந்துபோனார். புது மாளிகையில் குடியிருக்கவும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கிளேர்மான்டின் சுவர்கள் எழும்பிய அதே ஆண்டுகளில்தான் 1770-ன் பெரும் பஞ்சம் வங்காளத்தை விழுங்கியது. மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோதும் கம்பெனி நிலவரி வசூலை விடவில்லை. அந்த வரியை வசூலிக்கும் உரிமைதான் அலகாபாத் கூடாரத்தில், அந்த மேஜையடியில் கைமாறியது. வெஸ்டுக்குச் சொன்ன ஓவியத் திட்டத்தில் வெற்றிகளுக்கு இடம் இருந்தது, வரி கட்டிய குடியானவனுக்கு இல்லை.

கிளேர்மான்ட் மாளிகை இன்று ஒரு பள்ளிக்கூடம். வெஸ்டின் திவானி ஓவியம் வேல்ஸில் போவிஸ் கோட்டையில் தொங்குகிறது. அதைப் பார்க்க வாய்க்கும் தமிழர்கள், அந்தச் சிம்மாசனம் ஒரு சாப்பாட்டு மேஜை என்பதைத் தங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.