வரிசையின் கடைசி ஜோடி



பிரேயருக்கு உங்களை வரிசையில் நிறுத்தவே பத்து நிமிடம் கத்துவேன், நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாசசூசெட்ஸில் ஓர் ஊர் மண்டபத்தில் ஏறக்குறைய நூறு பேர் ஒரே நிமிடத்தில் வரிசையாகி ஆடத் தயாரானார்கள். அசந்துபோனேன். காண்ட்ரா நடனம் என்றாள் மகள். பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1651-இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு என்பவர் இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனங்களைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றில் ஒரு வகை, எதிரெதிராக இரண்டு நீள வரிசை. எத்தனை பேரும் சேரலாம். இந்த வகை பிரான்சுக்கும் போனது, குடியேறியவர்களோடு கடல் கடந்து நியூ இங்கிலாந்துக்கும் போனது.

அந்தக் காலத்தில் வரிசையின் தலைப்பில் நிற்பதுதான் கௌரவம். முதல் ஜோடி மட்டும் ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஜோடியாகக் கடந்து கீழே வரும். அதுவரை கடைசியில் நிற்பவர்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்று எல்லோரும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். மேடையில் இருப்பவர், "தலைப்பிலிருந்து நாலு நாலாகக் கைகோருங்கள்" என்று குரல் கொடுப்பார். இசைக்குழுவுக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஜோடிகள் கைகோப்பார்கள். அதைப் பார்த்து அடுத்த நால்வர், அதற்கடுத்த நால்வர். நடுவிலிருந்து எண்ணத் தொடங்கினால் கணக்கு குழம்பிவிடும். பிந்தி வருபவர்கள் நடுவில் நுழையாமல் வாலில் சேர வேண்டும். ஒரு சுற்று 64 தட்டு. அது முடிந்ததும் ஒரு ஜோடி கீழே, மற்றது மேலே நகர்ந்து புதிய ஜோடியோடு ஆடும்.

வாலில் ஒரு ஜோடி மிஞ்சினால்? ஒரே சுற்று, சுமார் அரை நிமிடம் நிற்பார்கள். அதற்குள் மேலிருந்து ஒரு ஜோடி அவர்களிடம் வந்துவிடும்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஓர் ஆண்டு விழாக் கோலாட்டத்துக்கு 18 பேர் வந்தீர்கள். நாலு நாலாகப் பிரித்தேன். இரண்டு பேர் மிஞ்சினார்கள். "நீங்க ரெண்டு பேரும் திரை இழுங்க" என்று அனுப்பிவிட்டேன். கோல்களைத் திருப்பித் தந்தபோது அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அன்று ஒன்றும் உறைக்கவில்லை.

அரை நிமிடம் நிறுத்தி, பிறகு சேர்த்துக்கொள்ள வழி இருந்திருக்கிறது. நான்தான் யோசிக்கவில்லை.

அம்மா, நீங்கள் இருவரும் இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னியுங்கள். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்.