முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறதா பழைய பிக்கப்? காயில் ஸ்பிரிங் மாற்றும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"லோடே இல்ல, ஆனா வண்டி முன்னாடி மூக்கைக் குத்திக்கிட்டு நிக்குது. சின்னப் பள்ளத்துல இறங்கினாலே டொக்குன்னு அடிக்குது." பழைய பிக்கப் வைத்திருக்கும் பலரும் ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் புகார் இது. பெரும்பாலும் இதற்குப் புது ஷாக் அப்சார்பர் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால், சில நாளிலேயே அதே சத்தம் திரும்ப வரும். காரணம், தேய்ந்தது ஷாக் அல்ல, ஸ்பிரிங்.

முன்பக்க காயில் ஸ்பிரிங் எப்போது மாற்ற வேண்டும், அந்த வேலையில் உள்ள ஆபத்து என்ன, எதையெல்லாம் கவனிக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது காயில் ஸ்பிரிங்தானா?

எல்லா பிக்கப்பிலும் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் இருக்காது. டாடா ஏஸ் போன்ற சிறிய சரக்கு வண்டிகளில் முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது பிளேட் செட்தான். இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றின் இப்போதைய தலைமுறை வண்டிகளில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் பிளேட் செட். முன் சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பாருங்கள். சுருள் சுருளாகத் தடித்த கம்பி தெரிந்தால் அதுதான் காயில் ஸ்பிரிங்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போயிருக்கலாம். வண்டியின் உயரமே குறைந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டியது ஸ்பிரிங்கை.

ஏன் தேய்கிறது?

வருடக்கணக்கில் ஓவர்லோடு ஏற்றினால் ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து உயரம் குறையும். இன்னொரு காரணம் துரு. ஜல்லி தெறித்து மேல்பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். மீன் லோடு, உப்பு லோடு ஓட்டும் கடலோர வண்டிகளில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் தடிமனை நான்கு முறை பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. 14 மி.மீ. கம்பி துருப்பிடித்து முழு நீளத்துக்கும் 13 மி.மீ. ஆகிவிட்டால், விறைப்பு ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்துவிடும். அதாவது, போனது 1 மி.மீ. கம்பிதான், குறைந்தது கால்வாசி பலம்.

அடிச்சுற்றில் தண்ணீரும் மண்ணும் தேங்குவதால், பல நேரங்களில் ஸ்பிரிங் அங்கேதான் உடையும். சில வண்டிகளில் உடைந்த முனை டயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஓடும்போது அது டயரைக் கிழித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு வாசலிலேயே எப்படிச் சோதிப்பது?

* வண்டியைச் சமதரையில், லோடு இல்லாமல் நிறுத்துங்கள். டயர் காற்று இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும்.
* முன் சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளக்கவும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும்.
* வலது, இடது இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.
* இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதாலேயே சரி என்று அர்த்தமில்லை. இரண்டுமே தாழ்ந்திருக்கலாம். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள உயரத்தோடோ, அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள வண்டியோடோ ஒப்பிட்டுப் பாருங்கள்.
* முன் டயர்கள் உள்பக்கமாக மட்டும் தேய்வதும், ஹெட்லைட் வெளிச்சம் வழக்கத்தைவிடப் பக்கத்திலேயே விழுவதும் கூடுதல் அறிகுறிகள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பின்பக்கம் ஒரு பிளேட் உடைந்திருந்தாலும் வண்டியின் முன்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியலாம். பின்பக்க சேஸின் நடுவில் ஜாக்கி வைத்து லேசாகத் தூக்கச் சொல்லுங்கள். அப்போது முன்பக்கச் சாய்வு மறைந்தால் கோளாறு பின்னால்தான்.

குறுக்கு வழிகள் வேண்டாம்

சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால் உயரம் கூடின மாதிரி தெரியும். ஆனால், அந்தச் சுருள் வேலை செய்யாமல் மற்ற சுருள்கள் மீது பாரம் கூடும். ஸ்பிரிங்கை வெல்டிங் செய்வதும், கேஸ் வைத்துச் சூடாக்கி இழுப்பதும் அதைவிட மோசம். சூடு பட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும். பிறகு எங்கே, எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உயிருக்கு ஆபத்தான கட்டம் எது?

வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிய பிறகும் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருக்கும். 100 கிலோவுக்கு 1 செ.மீ. அமுங்கும் ஒரு ஸ்பிரிங், 10 செ.மீ. அமுங்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அடைபட்டிருக்கும் ஆற்றல், 50 கிலோ சிமென்ட் மூட்டை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது ஒரு நொடிக்குள் விடுபட்டு முகத்திலோ நெஞ்சிலோ அடித்தால் உயிரே போகலாம்.

அதனால்தான் "யூடியூப் பார்த்து நானே மாத்திடுறேன்" என்று இறங்க வேண்டிய வேலை இல்லை இது. ஸ்பிரிங் கம்ப்ரசர் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில்தான் கொடுக்கணும்.

வேலை எப்படி நடக்கணும்?

1. கெட்டியான சமதரை. பின் சக்கரங்களுக்குக் கட்டை. சேஸுக்கு அடியில் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது.

2. பிரேக் காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டி வைக்கணும்.

3. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும் வகையில், மேலே ஓரத்தில் இருக்கும் நட்டுகளை மட்டும் கழற்றி செட்டாக வெளியே எடுக்கணும். நடு நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

4. கம்ப்ரசரை எதிரெதிர் பக்கமாக மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சமமாக முறுக்கணும். ஏர் கன் வேண்டாம், கை ஸ்பானர்தான். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடத் தொடங்கிய பிறகே நடு நட்டுக்குக் கை போகணும். ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் நேராக யாரும் நிற்கக் கூடாது.

5. ஸ்பிரிங் தனியாகக் கீழ் ஆர்ம் மீது உட்கார்ந்திருக்கும் பழைய வகையில், ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங்கைச் சேஸோடு சங்கிலியால் கட்டிவிட்டு, மெதுவாக இறக்கணும்.

6. புது ஸ்பிரிங்கின் முனை, இருக்கையில் உள்ள படியில் சரியாக உட்காரணும். ரப்பர் பேட், பம்ப் ஸ்டாப் நைந்திருந்தால் இப்போதே மாற்றிவிடலாம். திரும்பப் பிரித்தால் இன்னொரு லேபர் சார்ஜ்.

7. ஆர்ம் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

ஒன்று மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் உயரமும் விறைப்பும் மாறுபடும். வண்டி சாய்ந்தே நிற்கும். ஜோடியாகத்தான் மாற்றணும். சில மாடல்களில் வலது, இடது ஸ்பிரிங்குகளுக்குத் தனித்தனி பார்ட் நம்பர் உண்டு. டீசல், பெட்ரோல் இன்ஜினுக்கும் மாறலாம். அதனால் பில்லில் பார்ட் நம்பரைச் சரிபார்த்து வாங்குங்கள்.

மாற்றிய பிறகு?

வண்டியின் உயரம் மாறினால் சக்கரங்களின் கோணமும் மாறும். எனவே, கொஞ்ச தூரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஹெட்லைட்டையும் சரிசெய்துகொள்ளுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பார்க்கணும். உயரத்தை டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட அதுதான் உதவும்.

பதிவாகி 8 ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பலரும் வண்டிக்கு அடியில் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுவார்கள். பெயின்ட் அடித்தால் துருவும் விரிசலும் கண்ணுக்குத் தெரியாது. எனவே, பிரஷ் எடுப்பதற்கு முன்பு, "அண்ணே, முன் ஸ்பிரிங்கை ஒரு தடவை தேய்ச்சுப் பாருங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.