எல்லா சிடியும் ஓடுமா?

சென்னை ரிச்சி தெருவுக்குப் பிளேயர் வாங்க வந்தவர்கள், கம்பெனிப் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்பார்கள்: "எல்லா சிடியும் ஓடுமாண்ணே?" விசிடி காலத்திலும் அதேதான், டிவிடி காலத்திலும் அதேதான். பக்கத்து மீரான் சாகிப் தெருவில் சர்வீஸ் மேஜை போட்டுப் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். கையில் கொஞ்சம் காசோடு வந்தவர்கள் கேட்ட அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். நம் வீடுகளுக்குள் தியேட்டர் வந்த கதையை அந்தக் கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம்.

சிடிகளுக்கு முன்பு இருந்தது வீடியோ கேசட் டெக். டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம். சென்னைக் காற்றின் ஈரத்தில் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதைப் போட்டால் டெக்கின் ஹெட் அடைத்துக்கொள்ளும். அடுத்து போடுகிற நல்ல கேசட்டும் கெடும். ஈரத்துக்கு அசையாத ஒரு பண்டம் வந்ததும் ஜனங்கள் ஏன் அப்படிப் பாய்ந்து வாங்கினார்கள் என்பது இந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்குப் புரியும்.

அந்தப் பண்டம் விசிடி. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி நான்கும் சேர்ந்து 1993ல் அதற்கான தரத்தை வகுத்தன. ஆனால் அதை ஏழை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் அல்ல. அதே ஆண்டில் சீனாவின் ஹெஃபெய் நகரில் ஜியாங் வான்மெங், சுன் யான்ஷெங் என்ற இருவர், சி-கியூப் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சிப்பை வைத்து வீட்டுக்கான விசிடி பிளேயரைச் செய்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து 'வான்யான்' என்று அதற்குப் பெயர். காப்புரிமை வாங்கி வைக்கவில்லை. மற்ற கம்பெனிகள் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்துத் தாங்களும் செய்ய ஆரம்பித்தன. சில வருஷங்களில் சீனாவில் ஏகப்பட்ட தொழிற்சாலைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையைக் கீழே இறக்கின. அந்த இருவரின் கம்பெனி நிலைக்கவில்லை. நம் பர்மா பஜார் கடைகளில் அடுக்கி வைத்திருந்த, பெயரே கேள்விப்படாத பிளேயர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அந்த இருவரை யாரும் இங்கே நினைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிதான். தண்ணீர் தெறிக்கும் காட்சியிலும் கூட்டம் ஓடும் காட்சியிலும் கட்டம் கட்டமாக உடையும். ஒரு சிடியில் 74 நிமிஷம்தான் அடங்கும் என்பதால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் பெரும்பாலும் மூன்று சிடியாக வந்தது. சிடி மாற்ற எழுந்திருக்க வேண்டாமே என்று மூன்று சிடி சேஞ்சருக்குத் தனி கிராக்கி. ஏற்கெனவே சிடி போடும் ஆடியோ செட் வைத்திருந்தவர்கள் புதுப் பிளேயர் வாங்காமல், அதற்குள்ளேயே ஒரு விசிடி கார்டைப் பொருத்தித் தரச் சொல்வார்கள். கார்டை வைத்து, நாலைந்து ஒயரைச் சரியான இடத்தில் பற்றவைத்து, பின்னால் ஒரு மஞ்சள் பின் சாக்கெட்டுக்குத் துளை போட்டால் வேலை முடிந்தது. வீட்டில் இருப்பதை வைத்தே படம் பார்க்க வழி செய்த அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்த வேலை.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் தெருவில் அது நடமாடச் சில வருஷம் ஆயிற்று. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிவிடி இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டினார்கள். இந்தியா ஐந்தாம் மண்டலம். சிங்கப்பூர் மூன்று, வளைகுடா இரண்டு, அமெரிக்கா ஒன்று. துபாயிலிருந்து மாப்பிள்ளையும் சிங்கப்பூரிலிருந்து மாமாவும் ஆசையோடு சுமந்து வந்த பெரிய கம்பெனிப் பிளேயர்கள் இங்கே வாங்கிய ஒரிஜினல் ஆங்கிலப் படத்தைப் போட்டதும் மறுத்துவிடும். அமெரிக்காவிலிருந்து வந்தது 110 வோல்ட் செட்டாக இருந்தால் பிளக்கைச் சொருகிய கணத்தில் பவர் சப்ளை போய்விடும். இவற்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அதே நேரத்தில், தெருமுனையில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு விற்ற சீனப் பிளேயரில் பெரும்பாலும் இந்தப் பூட்டே இருக்காது. இருந்தாலும் ரிமோட்டில் நாலு பட்டனை வரிசையாக அழுத்தினால் மறைந்திருக்கும் ஒரு மெனு வரும். மண்டலத்தைப் பூஜ்யத்துக்கு மாற்றிவிடலாம். உள்ளே பெரும்பாலும் தைவானின் மீடியாடெக் செய்த எம்டி1389 சிப் இருக்கும். லென்ஸை ஓட்டுவது, படத்தை விரிப்பது, ஒலியைப் பிரிப்பது எல்லாம் அந்த ஒரே சிப்பின் வேலை. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக என்டிஎஸ்சி முறையில் அச்சான தமிழ் டிவிடிகளைக்கூட அது நம் டிவிகளின் பால் (PAL) முறைக்கு மாற்றித் தரும். இல்லையென்றால் நம் பழைய டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டிருக்கும். விலை உயர்ந்தது மறுத்ததை விலை குறைந்தது ஓட்டியது. "எல்லா சிடியும் ஓடுமா" என்று கேட்டவர் தனக்கு வேண்டியதைத் தெரிந்தே கேட்டார்.

டிவிடி வாங்க ஆசைப்பட்டதற்கு உண்மையான காரணம் படம் அல்ல, சத்தம். 1995ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடும், 1996ல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியோடும் வந்த பிறகு, பின்பக்கத்திலிருந்து வரும் சத்தத்துக்காகவே ஜனங்கள் தியேட்டருக்குப் போனார்கள். அப்போது தியேட்டரிலேயே டிடிஎஸ் சத்தம் ஃபிலிமில் இல்லை, சிடியில் இருந்தது. டிடிஎஸ்ஸுக்காக ஃபிலிமில் நேரக் குறியீடு மட்டும் அச்சாகியிருக்கும். அதைப் படித்து, புரொஜெக்டர் அறையில் இருக்கும் சிடி டிரைவ் ஒலியைச் சரியான நொடியில் எடுத்துத் தரும். இதைச் சொன்னால் கஸ்டமர்கள் நம்பமாட்டார்கள். வீட்டில் நாம் செய்ய நினைத்ததைத் தியேட்டர் முன்பே செய்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தம் வீட்டுக்கு எப்படி வந்தது? ஒலியைத் தானே பிரித்துப் பெருக்கும் பெரிய கம்பெனி ரிசீவர் வாங்க முடிந்தவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்கு நரசிங்கபுரம் தெருவிலும் எங்கள் தெருவிலும் அசெம்பிள் செய்து கொடுத்தோம். டிடிஏ 2030 ஐசி போட்ட ஆறு சேனல் போர்டு, ஒரு கனமான டிரான்ஸ்ஃபார்மர், தகரப் பெட்டி, பார்ட்டிகிள் போர்டில் அறுத்துச் செய்த சப்வூஃபர் பெட்டி. ஆனால் இந்த ஆம்ப்ளிஃபயருக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. ஆகவே பிளேயரே பிரித்து, பின்னால் ஆறு பின் சாக்கெட்டில் தனித்தனியாகத் தர வேண்டும். அதனால் நாங்கள் பிளேயரின் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டோம். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்போம். ஆறு பின் 5.1 அவுட் இருக்கிறதா, ஒலியைப் பிரிக்காமல் கடத்தும் கோஆக்சியல் அவுட் இருக்கிறதா, அவ்வளவுதான்.

இங்கேதான் வாங்குகிறவர்கள் நிறைய ஏமாந்தார்கள். முன்பக்கத்தில் பளபளவென்று டிடிஎஸ் முத்திரை இருக்கும். அந்த முத்திரைக்குக் கீழே சின்ன எழுத்தில் 'டிஜிட்டல் அவுட்' என்று எழுதியிருக்கும். அதன் அர்த்தம், நான் பிரிக்கமாட்டேன், அப்படியே கடத்திவிடுவேன் என்பதுதான். வீட்டுக்குப் போய் ஆறு பின் ஒயரைச் சொருகி, டிடிஎஸ் டிராக்கைத் தேர்ந்தெடுத்தால் ஆறு ஸ்பீக்கரிலும் ஊமை. மறுநாள் காலையில் பெட்டியோடு வந்து நிற்பார்கள். "சார், மெனுவுல டால்பிக்கு மாத்திப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவோம். டால்பி வரும், அவர்களும் சமாதானம் ஆவார்கள். ஆனால் காசு கொடுத்தது டிடிஎஸ் முத்திரைக்கு அல்லவா? அப்படி அச்சிட்டு விற்றது தவறு என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஒரே பெட்டியில் பிளேயரும் ஆறு ஸ்பீக்கரும் வந்த ரெடிமேட் ஹோம் தியேட்டர்களில் இதைவிட மோசம். ஆயிரக்கணக்கான வாட்ஸ் என்று அட்டையில் பெரிதாகப் போட்டுப் பக்கத்தில் பிஎம்பிஓ என்று இருக்கும். கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் எட்டும் உச்சத்தை ஆறு ஸ்பீக்கருக்கும் கூட்டிச் சொன்ன எண் அது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்ஸைக் கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்காது. டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ரிசீவர் வாங்க முடிந்தவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: கோஆக்சியல் வழியாக ரிசீவருக்குப் போகும்போது பிளேயர் ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை. தட்டில் இருக்கும் எண்களை எடுத்து அனுப்புகிறது. இரண்டாயிரம் ரூபாய்ப் பிளேயரும் இருபதாயிரம் ரூபாய்ப் பிளேயரும் ஒரே எண்களைத்தான் அனுப்பும். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள் என்று கேட்ட எல்லோரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டவர்கள் வீட்டில் சத்தம் நன்றாக இருந்தது.

பிளேயரின் கதை இப்படி என்றால், அதில் போடும் சிடியின் கதையும் மாறியது. 2004ல் தமிழ்நாடு அரசு திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2006ல் அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி குடிசைக்குள்ளும் போனது. 2007ல் மோசர் பேர் கம்பெனி ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. இந்த மூன்றும் அடுத்தடுத்து நடந்ததில், ஒரிஜினல் வாங்கிப் பார்ப்பது என்பது நம் ஊரில் முதல்முறையாகச் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியானது. அந்தக் கம்பெனி 2018ல் கலைப்புக்குப் போனது. ஆனாலும் அது செய்த காரியம் பெரிய காரியம்.

என் சர்வீஸ் மேஜைக்கு வந்த பிளேயர்களில் பெரும்பாலானவற்றுக்கு வியாதி ஒன்றே: லென்ஸ். டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடியையும் விசிடியையும் படிக்க 780 நானோமீட்டர் லேசர் என்று ஒரே லென்ஸுக்கு அடியில் இரண்டு இருக்கும். ஒன்று போய் மற்றது உயிரோடு இருக்கும். "டிவிடி ஓடுது, விசிடி மட்டும் ஓடலண்ணே" என்று குழம்பி வருபவருக்கு இதைத்தான் விளக்குவேன். சிலர் லென்ஸ் பக்கத்தில் இருக்கும் பிரீசெட்டைத் திருகி லேசருக்குக் கரன்ட்டைக் கூட்டிவிடுவார்கள். ஒரு வாரம் அருமையாக ஓடும், பிறகு மொத்தமாகப் போய்விடும். சான்யோவின் எஸ்எஃப்-எச்டி65 லென்ஸ் தெருவில் எந்தக் கடையிலும் கிடைத்தது. நிலை மின்சாரம் தாக்காமல் இருக்க அதில் ஒரு பொட்டு ஈயம் வைத்தே அனுப்புவார்கள். மாட்டிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும். பெரிய கம்பெனி மாடல்கள் சிலவற்றுக்கு லென்ஸே வெளியில் கிடைக்காது. அதனால்தான் "லென்ஸ் கிடைக்குமா" என்பதை இரண்டாவது கேள்வியாகக் கேட்கச் சொல்வேன்.

புளூ-ரே 2006ல் வந்தது. எங்கள் தெருவில் அது ஆழமாக வேர் விடவில்லை. தமிழ்ப் படங்கள் அதில் அதிகம் வரவில்லை. மூன்று படத்தை ஒரே டிவிடியில் திணித்து விற்ற சந்தை இது. அப்படித் திணித்த படத்தை எந்த விலையுயர்ந்த பிளேயராலும் பெரிய டிவியில் தெளிவாக்க முடியாது, தட்டிலேயே தகவல் இல்லை. பிறகு இன்டர்நெட் வந்தது. உயர்தரப் பிளேயர் செய்துவந்த ஓப்போ 2018ல் அதை நிறுத்தியது, அடுத்த ஆண்டு சாம்சங் அமெரிக்காவில் புதிய புளூ-ரே மாடல்களைக் கைவிட்டது.

இன்றைக்கும் பிளேயர் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடியோவும், மஞ்சள் நீராட்டு வீடியோவும் டிவிடியில் கிடக்கின்றனவே. அவர்களுக்குச் சொல்வது: பழைய புளூ-ரே பிளேயர் கிடைத்தால் நல்லது, ஒரே எச்டிஎம்ஐ ஒயரில் டிவிடியும் ஓரளவு நன்றாகத் தெரியும். கடையில் சோதிக்கும்போது ஒரிஜினல் படத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடி ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். களைத்த லென்ஸ் முதலில் தடுமாறுவது அதில்தான். ஆகவே உங்கள் கல்யாண டிவிடியையே எடுத்துப் போய், முதல் பத்து நிமிஷத்தோடு நிறுத்தாமல் கடைசிப் பகுதிக்குத் தாண்டிப் பாருங்கள். விளிம்புப் பக்கத்தில்தான் குறை தெரியும். உங்கள் வீடியோ விசிடியில் இருந்தால் இன்னும் கவனம் தேவை, சில புளூ-ரே பிளேயர்கள் விசிடியை ஏற்கவே ஏற்காது. அப்படியானால் நீங்கள் அந்தப் பழைய சீன டிவிடி பிளேயரைத்தான் தேட வேண்டும். ஓடுகிற ஒன்று கிடைத்ததும், உடனே கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அந்த விசிடிகளை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வைத்துவிடுங்கள்.